மிச்சமிருக்கும் அரை அட்டை மாத்திரை: நாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்

நாய்க்கு இரவிலிருந்து வயிற்றுப்போக்கு. சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. வீட்டில் ஒருவர் மருந்துப் பெட்டியைத் திறக்கிறார். போன முறை மருத்துவர் எழுதிக் கொடுத்ததில் அரை அட்டை மாத்திரை மிச்சமிருக்கிறது. அன்றைக்கு அதைக் கொடுத்துத்தான் சரியானது. இன்றைக்கும் ஒன்று கொடுத்தால் என்ன?

அந்தக் கை அன்பினால்தான் நீள்கிறது. வாயில்லாத உயிர் அவதிப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாராலும் முடியாது. ஆனாலும் அந்தக் கை ஒரு கணம் நிற்க வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பாதுகாப்பு என்றால், மாத்திரையை எப்படி விழுங்கவைப்பது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அவையும் தேவைதான். ஆனால் பாதுகாப்பு அதற்கு வெகு முன்பே, இந்த நாய்க்கு இந்த மருந்து வேண்டுமா என்ற கேள்வியில் தொடங்குகிறது.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத் தாக்கும் மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது. வலியைக் குறைக்காது, காய்ச்சலை நேரடியாகத் தணிக்காது, ஒவ்வாமையைத் தீர்க்காது. பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் வைரஸ் நோய்கள். அப்படியானால் பார்வோ வந்த குட்டிக்கு மருத்துவர் ஏன் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார் என்று கேட்கலாம். பார்வோ வைரஸ் குடலின் உட்சுவரை அரித்துவிடுகிறது. அதே நேரத்தில் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. குடலுக்குள் அடங்கிக் கிடந்த பாக்டீரியா உடைந்த சுவர் வழியாக ரத்தத்தில் இறங்குகிறது. தடுத்து நிறுத்த வெள்ளை அணுக்கள் இல்லை. ஊசி அந்தப் பாக்டீரியாவுக்காகப் போடப்படுகிறது, வைரஸுக்காக அல்ல. குட்டியைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு நரம்பு வழியாக ஏறும் திரவத்துக்கும் இடைவிடாத கவனிப்புக்கும்தான்.

சாதாரண வயிற்றுப்போக்கின் கதை வேறு. திடீரென்று வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை, நாய் தளர்ந்து போகாமல், தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தால், சில நாட்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. இத்தகைய மிதமான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதே இன்றைய கால்நடை மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. பல காலமாக இதற்கென்றே வழக்கத்தில் இருந்த மெட்ரோனிடசோலுக்கும் இது பொருந்தும். மாத்திரை கொடுத்த மூன்றாம் நாள் சரியானால் மாத்திரையால் சரியானது என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. கொடுக்காமலிருந்தாலும் அந்த மூன்றாம் நாள் வந்திருக்கும்.

"கொடுத்தால் நட்டம் ஒன்றுமில்லையே" என்ற எண்ணம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. நட்டம் உண்டு. ஆரோக்கியமான நாய்களுக்கு இரண்டு வாரம் மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்த ஆய்வில், குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக் கூட்டம் நிலைகுலைந்தது. பித்த அமிலங்களைக் குடலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் வகைகள் முக்கியமாக அடிபட்டன. மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆன பிறகும் சில நாய்களில் பழைய நிலை திரும்பவில்லை. வயிற்றைச் சரிசெய்யக் கொடுத்த மருந்தே வயிற்றின் காவலைக் கலைத்துவிட்டுப் போகிறது.

இருமலும் இப்படித்தான். நாய்கள் கூடும் இடங்களில் தொற்றிக்கொள்ளும் வறட்டு இருமலுக்கு வைரஸ்களும் சில பாக்டீரியாக்களும் காரணமாகின்றன. பெரும்பாலான நாய்கள் பத்து நாட்களுக்குள் மருந்தில்லாமலே தேறிவிடும். காய்ச்சல், சோர்வு, பசியின்மை, மூக்கிலிருந்து சீழ் போன்ற சளி ஆகியவை சேர்ந்து வந்தால்தான் டாக்சிசைக்ளின் போன்ற மருந்து யோசனைக்கு வருகிறது.

தோல் நோய்க்கும் மாத்திரைதான் முதல் வழி என்ற நிலை மாறிவிட்டது. நாயின் தோலில் இயல்பாகவே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா, தோல் பலவீனப்படும்போது பெருகிக் கொப்புளங்களை உண்டாக்குகிறது. மேல்தோலோடு நிற்கும் தொற்றுக்கு, குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்புவை நுரைக்கத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுவதையே இப்போது முதலில் பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் மிக முக்கியம். அவசரமாகத் தேய்த்து உடனே கழுவிவிட்டு, ஷாம்பு பலிக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. தோல் பலவீனப்பட்டதற்கு ஒரு காரணம் இருக்கும்: தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை, தைராய்டுக் குறைவு. அதைக் கண்டுபிடிக்காமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் கொப்புளம் அடங்கும், மறுபடி வரும், மறுபடி மாத்திரை. இந்தச் சுழலில்தான் எந்த மாத்திரைக்கும் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ் உருவாகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளின் கால்நடை மருத்துவமனைகள் இந்தத் தொல்லையோடு போராடி வருகின்றன.

எடை, வேளை, நாள்

ஆன்டிபயாடிக் வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அளவு. நாய்க்கான அளவு வயதைக் கொண்டோ "பெரிய நாய், சின்ன நாய்" என்ற கண்மதிப்பைக் கொண்டோ தீர்மானிக்கப்படுவதில்லை. ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்பதே கணக்கு. ஆமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையின் வழக்கமான அளவு, கிலோவுக்கு 12.5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. 4 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம், 32 கிலோ நாய்க்கு 400. எட்டு மடங்கு வித்தியாசம். பக்கத்து வீட்டு நாய்க்குப் பலித்த மாத்திரை உங்கள் நாய்க்கு வெறும் தூசாகவும் இருக்கலாம், பாரமாகவும் இருக்கலாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்த்தால் எடை தெரிந்துவிடும். மருத்துவரிடம் போகும் நாளில் அந்த எண் கையில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய எடை வளரும் குட்டிக்கு உதவாது.

மனிதர்களின் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். மூலப்பொருள் பல நேரங்களில் ஒன்றுதான். மருத்துவர்களே மனித மருந்துகளை எழுதுவதும் உண்டு. சிக்கல் கணக்கில் இருக்கிறது. மேலே சொன்ன கூட்டு மாத்திரை நாய்களுக்கு நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் வருகிறது. மனிதர்களுக்கான 1000 மில்லிகிராம் மாத்திரையில் 875க்கு 125, அதாவது ஏழுக்கு ஒன்று. அதை உடைத்து எவ்வளவுதான் அளந்தாலும் விகிதம் சரியாகாது. சிப்ரோஃப்ளாக்சசின் மனித உடலில் ஒழுங்காக உறிஞ்சப்படுகிறது. நாயின் குடலில் ஒரு நாய்க்கு ஒரு மாதிரி, இன்னொரு நாய்க்கு வேறு மாதிரி. எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கான சிரப் இன்னும் ஆபத்து. இனிப்புக்காகச் சிலவற்றில் சைலிட்டால் சேர்க்கிறார்கள். மனிதருக்குத் தீங்கில்லாத அந்தப் பொருள் நாயின் கணையத்தை இன்சுலினைக் கொட்டவைக்கிறது. அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி வலிப்பில் விழலாம். அளவு கூடினால் கல்லீரலே செயலிழக்கும்.

வேளை தவறக்கூடாது என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. ஆமாக்ஸிசிலின், செஃபலெக்சின் போன்றவை ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே பாக்டீரியாவை அழிக்கின்றன. 12 மணிக்கு ஒருமுறை என்றால் காலை ஏழு, இரவு ஏழு. காலை ஏழுக்கும் மாலை மூன்றுக்கும் கொடுத்தால், அடுத்த காலை வரை பதினாறு மணி நேரம் பாக்டீரியாவுக்கு ஓய்வு கிடைக்கிறது. என்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றுக்கு ரத்தத்தில் எட்டும் உச்ச மட்டம்தான் முக்கியம். அதனால்தான் அது நாளுக்கு ஒருமுறை. அதை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது இரக்கமாகத் தோன்றலாம், ஆனால் மருந்தின் பலத்தைக் குலைத்துவிடும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது.

எத்தனை நாள் என்பதில்தான் மருத்துவ உலகின் எண்ணம் அண்மையில் வெகுவாக மாறியிருக்கிறது. 1945இல் நோபல் பரிசு உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், குறைந்த அளவு பெனிசிலினில் பாக்டீரியாவைப் பழக்கினால் அது எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார். அதிலிருந்து "கடைசி மாத்திரை வரை முடித்துவிடு" என்பது வேதவாக்காயிற்று. போதாத அளவு ஆபத்து என்பது உண்மை. ஆனால் தேவைக்கு மேற்பட்ட நாட்களும் தீங்கற்றவை அல்ல என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. மாத்திரை நோய்க்கிருமியை மட்டும் தேடிப் போய் அடிப்பதில்லை. குடலிலும் தோலிலும் வாயிலும் சும்மா இருக்கும் எல்லாப் பாக்டீரியாவையும் தொடுகிறது. ஒவ்வொரு கூடுதல் நாளும் அவற்றில் தாக்குப்பிடிப்பவற்றுக்கு வாய்ப்பைக் கொடுக்கிறது. ஆகவே, எப்போதாவது வரும் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்று 3 முதல் 5 நாள் போதும் என்கிறார்கள். முன்பு இரண்டு வாரம் கொடுத்தார்கள். நேர்மாறாக, உண்ணிக் கடியால் வரும் எர்லிக்கியா நோய்க்கு டாக்சிசைக்ளின் 28 நாள். இரண்டாம் மூன்றாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிட வந்துவிடும். அந்த வாலாட்டலை நம்பி மருந்தை நிறுத்தினால் கிருமி உடலில் தங்கிவிடக்கூடும்.

எனவே, நாய் தேறியது போலத் தெரிகிறது என்று நாமே நிறுத்தவும் கூடாது, எதற்கும் இருக்கட்டும் என்று நாமே நீட்டவும் கூடாது. சீட்டு எழுதும்போதே கேட்டுவிடலாம்: "எத்தனை நாள்? முன்கூட்டியே தேறினால் என்ன செய்வது? எந்த நாளில் முன்னேற்றம் தெரிய வேண்டும்?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார்.

எந்த மருந்தில் எதைக் கவனிப்பது

வாந்தியும் இளகிய மலமும் பசிக்குறைவும் ஏறக்குறைய எல்லா ஆன்டிபயாடிக்கிலும் வரலாம். பெரும்பாலும் சாப்பாட்டோடு கொடுத்தால் குறையும். இவற்றுக்கு அப்பால், மருந்துக்கு மருந்து தனிக் குணம் உண்டு.

என்ரோஃப்ளாக்சசின் வகை, வளரும் நாயின் மூட்டுக் குருத்தெலும்பைப் பாதிக்கும். பொதுவாக ஒரு வயது வரையும், மிகப் பெரிய இனங்களில் 18 மாதம் வரையும் தவிர்க்கிறார்கள். வலிப்பு நோய் உள்ள நாய்க்கும் இது ஏற்றதல்ல. பாலிலும் சீஸிலும் உள்ள கால்சியம், அமில எதிர்ப்பு மருந்துகளில் உள்ள அலுமினியம், மக்னீசியம், சத்து டானிக்கில் உள்ள இரும்பு ஆகியவை இதைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்யும். மாத்திரையைச் சீஸில் பொதிந்து கொடுப்பது எளிய வழிதான், ஆனால் இந்த மருந்துக்கு அது பொருந்தாது.

டாக்சிசைக்ளினின் ஆபத்து தொண்டைக்குக் கீழே. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண் உண்டாகும். ஆறும்போது குழாய் சுருங்கிவிடவும் கூடும். பூனைகளில் இது அதிகம், நாய்களிலும் நேரலாம். கிளிண்டமைசினுக்கும் இதே எச்சரிக்கை. இவற்றை வெறும் வாயில் போட்டுவிட்டுப் போகாமல், பின்னாலேயே சில மில்லி தண்ணீரோ ஒரு கவளம் உணவோ கொடுக்க வேண்டும். வயிற்றுப் புண்ணுக்கான சுக்ரால்ஃபேட்டும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால், டாக்சிசைக்ளினை முதலில் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து அதைக் கொடுப்பது நல்லது.

மெட்ரோனிடசோல் அளவு கூடினால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். நாய் குடித்தது போலத் தள்ளாடும், தலை ஒருபக்கம் சாயும், கண்மணி தன்னிச்சையாக இங்குமங்கும் ஓடும். நாளுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் போகும்போது இது அதிகம் காணப்படுகிறது. அதற்குக் கீழும் நேர்ந்திருக்கிறது. உடனே கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலான நாய்கள் மீண்டுவிடும். கண்டுபிடிக்க, இது மருந்தின் வேலையாக இருக்கலாம் என்று யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

டிரைமெத்தோபிரிமும் சல்ஃபாவும் சேர்ந்த மருந்து கண்ணீர் சுரப்பதைக் குறைத்துக் கண்ணை உலரவைக்கும். சில நாய்களுக்குக் காய்ச்சல், மூட்டுவீக்கம், கல்லீரல் பாதிப்பு என்று கடும் ஒவ்வாமை வரும். டாபர்மேன் இனத்துக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பது பரவலாகத் தெரிந்த விஷயம். இது முதல் மாத்திரையிலேயே வருவதில்லை. பெரும்பாலும் ஐந்து நாளுக்குப் பிறகு, சில வாரங்களுக்குள் வரும். அதனால் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஜென்டாமைசின் சிறுநீரகத்துக்கும் காதின் உட்பகுதிக்கும் நஞ்சாகலாம். காதுச் சொட்டு மருந்தில் அது சாதாரணமாக இருக்கிறது. செவிப்பறை கிழிந்திருந்தால் சொட்டு உள்ளே இறங்கி நாய் கேட்கும் திறனையும் நிலைகொள்ளும் திறனையும் இழக்கலாம். காதைக் கருவி வைத்துப் பார்க்காமல் பழைய சொட்டு மருந்தை எடுத்து விடுவது இதனால்தான் தவறு.

குளோராம்பெனிகால் மருந்தில் ஆபத்து கொடுப்பவருக்கும் உண்டு. மிக அரிதாக மனிதரின் எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்யும், அதற்குக் குறைந்த அளவே போதும். கையுறை அணிந்து கொடுக்க வேண்டும், பொடிக்கக்கூடாது. வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் நாய்க்கு இதைச் சேர்த்தால், ஃபீனோபார்பிட்டாலின் அளவு ரத்தத்தில் ஏறி நாய் எழ முடியாமல் மயங்கிக் கிடக்கும். நாய் சாப்பிடும் எல்லா மருந்தையும், சத்து மாத்திரையைக்கூட, மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது இதற்காகத்தான். சினையாக இருந்தாலும், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதடைந்திருந்தாலும் அவர் கேட்பதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வாரம் வேலை செய்யும் ஒற்றை ஊசி ஒன்று இருக்கிறது, செஃபோவெசின். மாத்திரையே விழுங்காத நாய்க்கு அது வரம். ஆனால் ஒவ்வாமை வந்தால் மாத்திரையை நிறுத்துவது போல அதை நிறுத்த முடியாது. உள்ளே போனது உள்ளேதான் இருக்கும். வசதிக்காக மட்டும் அதைக் கேட்டு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

விழுங்கியதா, இல்லையா

எங்கள் வீட்டு நாய் மிகவும் சமர்த்தாக மாத்திரை சாப்பிடுவதாக நான்கு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அதன் படுக்கையை உதறியபோது ஈரம் பட்டு ஊறிய மூன்று மாத்திரைகள் உருண்டன. கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நான் நகர்ந்ததும் துப்பியிருக்கிறது. புண் ஏன் ஆறவில்லை என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது. மருத்துவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், மருந்து பலிக்கவில்லை என்று அவர் இன்னும் கடுமையான ஒன்றுக்கு மாற்றியிருப்பார்.

அதன் பிறகு கற்றுக்கொண்டது மூன்று உருண்டை முறை. மிருதுவான இறைச்சியில் மூன்று சிறு உருண்டைகள். முதலாவது வெறும் உருண்டை, நாய் நம்பிக்கையோடு விழுங்கும். இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவதை மூக்கருகே காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுத்தால், அடுத்ததைப் பிடிக்கும் அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிடும். முழுச் சாப்பாட்டிலும் மாத்திரையைக் கலந்துவிடுவது நல்லதல்ல. பாதித் தட்டை மிச்சம் வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாது.

எந்த உணவுக்கும் ஏமாறாத நாய்க்கு நேராக வாயில் போட வேண்டியதுதான். மேல் தாடையை ஒரு கையால் பிடித்து மூக்கை மேலே தூக்கி, மாத்திரையை நாக்கின் பின்பகுதியில் நடுவாக வைத்து, வாயை மூடித் தொண்டையைக் கீழ்நோக்கி நீவ வேண்டும். மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று பொருள். திரவ மருந்தைப் பக்கவாட்டில், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து நேராகத் தொண்டையில் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் போய்விடும். கடிக்க வரும் நாயிடம் பலப்பரீட்சை வேண்டாம். வேறு வடிவில் கிடைக்குமா என்று கேட்பதே இருவருக்கும் நல்லது. மேற்பூச்சு உள்ள மாத்திரையைப் பொடிப்பதும், கேப்சூலைத் திறந்து தூளைக் கொட்டுவதும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

கிளாவுலானிக் அமிலம் ஈரத்தைத் தாங்காது. அந்த மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே பிரித்துப் பாதியாக உடைத்து டப்பாவில் போட்டு வைத்தால் வீரியம் போய்விடும். வேண்டும்போது வேண்டியதை மட்டும் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். தூளில் நீர் கலந்து செய்யும் மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, லேபிளில் குறித்த நாளோடு கொட்டிவிட வேண்டும்.

மாத்திரை விழுங்கிய சற்று நேரத்தில் வாந்தி எடுத்தால், வாந்தியில் மாத்திரை முழுசாகக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவரைக் கேட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முகம் வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், மருந்து கொடுத்த சில நிமிடங்களில் வாந்தியும் கழிச்சலும் வந்து சரிந்து விழுதல் ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். இதில் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுக் காத்திருக்க நேரமில்லை, நாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஈறு மஞ்சளாதல், ரத்தம் கலந்த மலம், தள்ளாட்டம் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலையோ வலியையோ குறைக்கலாம் என்று பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ நாமாகச் சேர்க்கக்கூடாது. அவை நாய்க்கு உயிராபத்தில் முடியும்.

இரண்டு மூன்று நாளில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால், வேறு மாத்திரை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, "கிருமியை வளர்த்துப் பார்க்கலாமா?" என்பதுதான். சிறுநீரையோ புண்ணின் சீழையோ ஆய்வகத்துக்கு அனுப்பினால், எந்தப் பாக்டீரியா, எந்த மருந்துக்கு அது மடியும் என்று தெரியவரும். முடிவு வரச் சில நாள் ஆகும். மருந்து தொடங்குவதற்கு முன்பே மாதிரி எடுப்பது சிறந்தது, ஏனெனில் ஏற்கெனவே உள்ளே போன ஆன்டிபயாடிக் கிருமியை வளரவிடாமல் விடையை மறைத்துவிடும். மருந்துப் பெட்டியிலிருந்து அவசரத்துக்கு எடுத்துக் கொடுத்த ஒரு மாத்திரைகூட அதைச் செய்யப் போதும். அப்படிக் கொடுத்திருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்று. அட்டையையும் கையோடு எடுத்துப் போய் அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள்.